நான்காவது சக்கரமா, நகரும் உணரியா?

வெள்ளவத்தையில் வார இறுதிகளில் கூடும் ஒரு சிறு குழு, காகிதத்தில் ஒரு விண்வெளித் தொலைநோக்கியை வரைந்துகொண்டிருக்கிறது. கொழும்பிலும் மொறட்டுவையிலும் படிக்கும் பிள்ளைகள் சிலர், வேலைக்குப் போகிறவர்கள் சிலர். அவர்கள் எடுத்துக்கொண்டிருப்பது 6 அலகு கியூப்சாட், அதாவது ஏறத்தாழ 10 × 20 × 30 சென்ரிமீற்றர் பெட்டியளவுச் சிறு செயற்கைக்கோள். பிரகாசமான ஒரு விண்மீனைப் பார்த்துக்கொண்டே இருந்து, அதன் முன்னால் கோள் ஒன்று கடக்கும்போது ஒளி எவ்வளவு குறைகிறது என்று அளப்பதுதான் அதன் வேலை. எடை, மின்சாரம், இடம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இன்னும் ஒரே ஒரு பொருளுக்குத்தான் இடமிருக்கிறது. பெட்டியைத் திருப்பி நிறுத்தும் மூன்று சுழல் சக்கரங்களோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்கலாம். அல்லது கேமராவின் உணரியை நுண்ணளவில் நகர்த்தும் பீசோ மேடை ஒன்றை வைக்கலாம். இதில் குழு இரண்டு கட்சியாகி, பஞ்சாயத்து என்னிடம் வந்துவிட்டது.

என் தீர்ப்பு பீசோ மேடைக்குத்தான். ஆனால் அது தனியாக நிற்கும் தீர்ப்பு அல்ல. சக்கரங்களை எந்த வேகத்தில் ஓட்டுவது, பெட்டியை எந்தப் பாதையில் சுற்றவிடுவது என்ற இரண்டு நிபந்தனைகளும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன.

முதலில் எவ்வளவு அசையாமை வேண்டும் என்பதைப் பார்ப்போம். இதைச் சொல்லாமல் சாதனம் தேடுவது வீண். ஹபிள் தொலைநோக்கி தன் பார்வையை 0.007 வில்செக்கனுக்குள் பிடித்துவைப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. ஒரு பாகையில் 3600 வில்செக்கன்கள். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 300 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால், அந்த 0.007 வில்செக்கன் யாழ்ப்பாணத்தில் ஒரு சென்ரிமீற்றர் ஆகிறது. ஹபிளுக்கு அது தேவை. 2.4 மீற்றர் ஆடி காட்டக்கூடிய மிகச் சிறிய விவரம் 0.05 வில்செக்கன் அளவில் இருக்கும்; பார்வை அதற்கு மேல் ஆடினால் அவ்வளவு பெரிய ஆடியைச் சுமந்து போனதில் பயனில்லை. நம் பெட்டிக்குள் அடங்குவது 8 சென்ரிமீற்றர் லென்ஸ். அதன் எல்லையே ஒன்றரை வில்செக்கன். ஆகவே ஹபிளின் இலக்கத்தை நாம் துரத்த வேண்டியதில்லை.

இதைக் கேட்டுச் சிலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். நாம் எடுக்கப்போவது அழகான படம் அல்ல, ஒளியின் அளவு. சூரியனைப் போன்ற ஒரு விண்மீனின் முன்னால் பூமியளவு கோள் கடந்தால் ஒளி குறைவது ஒரு விழுக்காட்டின் நூறில் ஒரு பங்கைவிடவும் கொஞ்சம் குறைவு. இப்போது உணரியைக் கிட்டப்போய்ப் பாருங்கள். விண்மீனின் பிம்பம் சில பிக்சல்களின் மேல் பரவி விழுகிறது. எந்த இரண்டு பிக்சல்களும் ஒரே அளவு உணர்திறன் உள்ளவை அல்ல. ஒரே பிக்சலின் நடுவும் விளிம்பும்கூட ஒன்றுபோல் ஒளியை எண்ணுவதில்லை. பிம்பம் ஒரு பிக்சலின் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே, விண்மீனில் எதுவும் நடக்காதபோதும் கணக்கு ஏறும், இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் கோள் ஏற்படுத்தும் மங்கலைவிடப் பெரியதாக இருந்துவிடலாம். ஆகவே நமக்குத் தேவையானது, பிம்பம் அதே பிக்சல்களின் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பது. பெட்டி முழுவதும் அசையாமல் இருக்க வேண்டும் என்பதும் இதுவும் ஒன்றல்ல. குழுவுக்குள் நடந்த சண்டையில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் வந்தது.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது? வெளியிலிருந்து வருபவை மெதுவானவை: மெல்லிய வளியின் உராய்வு, சூரிய ஒளியின் அழுத்தம், பூமியின் ஈர்ப்பு பெட்டியின் ஒரு முனையைவிட மறுமுனையைக் கொஞ்சம் கூடுதலாக இழுப்பது, பூமியின் காந்தப்புலம் பெட்டிக்குள் இருக்கும் மின்னோட்டங்களைப் பிடித்துத் திருப்புவது. இவை நிமிடக் கணக்கில் பெட்டியைத் தள்ளுகின்றன. வேகமான ஆட்டத்தைத் தருவது நாம் வைத்த சக்கரமேதான். காலி வீதியில் சமிக்ஞைக்காக நிற்கும் முச்சக்கர வண்டியின் பக்கக் கண்ணாடியைக் கவனித்திருக்கிறீர்களா? வண்டி ஓர் அங்குலமும் நகரவில்லை. எஞ்சின் மட்டும் ஓடுகிறது. கண்ணாடியில் தெரியும் பஸ் நடுங்கிக்கொண்டிருக்கிறது. சுழல் சக்கரத்தில் இம்மியளவு எடை ஒரு பக்கம் கூடியிருந்தாலும் இதுதான் நடக்கும். போதாததற்கு அந்த உதறல் வேகத்தின் வர்க்கத்தோடு வளரும். வேகம் இரட்டித்தால் உதறல் நான்கு மடங்கு. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் செக்கனுக்கு 50 உதறல்.

இனி மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம்.

ஹபிள், உடல் முழுவதையும் பிடித்து நிறுத்தும் வழியைத் தேர்ந்தது. 1990 ஏப்ரலில் ஏவப்பட்டது. நான்கு பெரிய சுழல் சக்கரங்கள். ஒவ்வொன்றும் சுமார் 45 கிலோ. ஒரு சக்கரம் ஒரு பக்கம் வேகம் பிடித்தால் தொலைநோக்கி எதிர்ப்பக்கம் திரும்பும். பாடசாலையில் படித்த தாக்கமும் மறுதாக்கமும்தான். 90 பாகை திரும்ப ஏறத்தாழக் கால் மணி நேரம் ஆகும். ஜைரோ என்பது வேறு. அது திருப்புவதில்லை, எவ்வளவு திரும்பினோம் என்று அளக்கிறது. குழுவில் பாதிப்பேர் இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தார்கள். ஹபிளைப் படுத்தியது சக்கரம் அல்ல, ஜைரோதான். நிமிடத்துக்கு 19,200 சுற்றுச் சுழலும் சில்லு, அதைச் சூழ எஞ்சின் எண்ணெய் போன்ற தடித்த திரவம், அந்தத் திரவத்துக்குள் மின்சாரம் கொண்டுபோகும் மயிரிழைக் கம்பிகள். திரவத்தை உள்ளே செலுத்த அழுத்தக் காற்றைப் பயன்படுத்தியிருந்தார்கள். காற்றிலிருந்த ஒட்சிசன் கம்பிகளை அரித்தது. பிறகு காற்றுக்குப் பதில் நைதரசனுக்கு மாறினார்கள். 1999 நவம்பரில் நான்காவது ஜைரோ செத்து ஹபிள் கண்ணை மூடிக்கொண்டது. அடுத்த மாதம் விண்வெளி வீரர்கள் போய் ஆறு ஜைரோக்களையும் மாற்றினார்கள். 2009இல் மறுபடியும் ஆறு. இப்போது போய் மாற்ற ஆளில்லை. 2024 ஜூன் முதல் ஒரே ஒரு ஜைரோவில் வேலை செய்கிறது. அதனால் அறிவியல் வேலையில் சுமார் 12 விழுக்காடு குறையும் என்று நாசா கணித்தது.

ஹபிளின் இன்னொரு தொல்லை நமக்கு நேரடியாகப் பொருந்தும். அதன் முதல் சூரியத் தகடுகள், பூமியின் நிழலிலிருந்து வெயிலுக்கு வரும்போதும் வெயிலிலிருந்து நிழலுக்குப் போகும்போதும் சூட்டு மாற்றத்தால் துடித்தன. அந்தத் துடிப்பு பார்வையையே ஆட்டியது. 1993 டிசம்பரில் தகடுகளை மாற்றினார்கள். நம் பெட்டியும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பகலையும் இரவையும் காணும். விரியும் தகடு வைக்கலாம் என்று வரைபடத்தில் போட்டிருக்கிறீர்கள். அதன் கீல்களைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம்.

சக்கரமே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஐரோப்பாவின் காயா, 2013 டிசம்பரில் ஏவப்பட்டது. அதில் சுழல் சக்கரம் கிடையாது. நைதரசன் வாயுவை மைக்ரோநியூட்டன் கணக்கில் ஊதும் நுண் உந்திகள் அதன் மெதுவான சுழற்சியைச் சீராக வைத்திருந்தன. சக்கரம் இல்லை என்றால் உதறலும் இல்லை. 2025 ஜனவரியில் வாயு தீரும் நிலைக்கு வந்தது, அவதானிப்பும் முடிந்தது. 2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் கலப்பு வழியைப் பிடித்தது: ஒரு திசையிலிருந்து அடுத்த திசைக்குத் திரும்பச் சக்கரம், படம் எடுக்கும்போது சக்கரத்தை நிறுத்திவிட்டு வாயு. தொழில்நுட்பமாகப் பார்த்தால் எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இதுதான். ஆனால் நமக்கு வேண்டாம். அழுத்தக் கலம் என்றவுடன் ஏவுகிறவர்கள் கேட்கும் பாதுகாப்புச் சோதனைகள் பெருகும். கலமும் குழாயும் வால்வும் சேர்ந்து பெட்டியில் பாதியைத் தின்றுவிடும். வாயு முடிந்தால் கதையும் முடிந்தது.

மூன்றாவது வழி, கையில் இருப்பதை வைத்துச் சமாளிப்பது. கோள் தேடும் கெப்ளர் தொலைநோக்கி 2009 மார்ச்சில் நான்கு சக்கரங்களுடன் போனது. 2012 ஜூலையில் ஒன்று நின்றது, 2013 மேயில் இன்னொன்று. மூன்று அச்சுகளுக்கு இரண்டு சக்கரம். கெப்ளரைப் பூமியின் சுற்றுப்பாதைத் தளத்தை ஒட்டிய திசைகளில் நோக்கவைத்து, சூரிய ஒளியின் அழுத்தம் உடலின் இரு பக்கங்களிலும் சமமாக விழும்படி நிறுத்தி, அந்தச் சமநிலையையே மூன்றாவது சக்கரம்போல் பயன்படுத்தினார்கள். அது மெல்லச் சரியும். சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை உந்தியால் தட்டி நேராக்குவார்கள். விண்மீன்களின் ஒளி வரைபடத்தைப் பார்த்தால் அந்தச் சரிவும் தட்டலும் வாள் பற்கள்போல் அப்படியே பதிந்திருக்கும். பிக்சலின் நடுவும் விளிம்பும் ஒன்றல்ல என்று மேலே எழுதியதன் சாட்சி அந்தப் பற்கள்தான். கணினியில் அவற்றைக் கழித்து, 2018 ஒக்டோபர் வரை கோள்களைக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார்கள். அதற்கு முன்பே, 1999இல் போன ஃபியூஸ் என்ற புறஊதாத் தொலைநோக்கி 2001 முடிவில் இரண்டு சக்கரங்களை இழந்தது. அது பூமிக்குக் கிட்ட இருந்ததால், பூமியின் காந்தப்புலத்தைப் பிடித்து உடலைத் திருப்பும் காந்தத் தண்டுகளைக்கொண்டு மிச்சத்தைச் சமாளித்து 2007 வரை ஓடியது.

நான்காவது சக்கரக் கட்சியினர் இந்த இரண்டையும் தங்கள் பக்கச் சாட்சியாகக் கொண்டுவந்தார்கள். எனக்கு இவை எதிர்ப்பக்கச் சாட்சியாகவே தெரிகின்றன. கெப்ளரிலும் ஃபியூஸிலும் நான்கு சக்கரங்கள் இருந்தன. ஒரே வகைச் சக்கரம், ஒரே வயது, ஒரே உழைப்பு. ஒன்று தேயும் காரணம் மற்றதையும் தேய்க்கும். கூடுதலாக ஒன்று வைத்திருப்பது காப்புறுதிபோல் தோன்றினாலும், கடைசியில் இரண்டு பயணங்களையும் நீட்டிவைத்தது கூடுதல் சக்கரம் அல்ல. வேறு வகையான விசை ஒன்று கையில் இருந்ததும், அதைப் பயன்படுத்தும் மென்பொருளும்தான்.

நான்காவது வழி, இரண்டு அடுக்காகப் பிடிப்பது. ஜேம்ஸ் வெப் 2021 டிசம்பர் 25இல் ஏவப்பட்டு, பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தள்ளி நிற்கிறது. ஆறு சக்கரங்கள் உடலை ஓரளவுக்கு நிறுத்துகின்றன. மிச்ச ஆட்டத்தை ஒளியின் பாதையில் இருக்கும் சிறு ஆடி ஒன்று சாய்ந்து சாய்ந்து சரிசெய்கிறது. வழிகாட்டும் விண்மீன் எங்கே நிற்கிறது என்பதை உணரி செக்கனுக்குச் சுமார் 16 தடவை அந்த ஆடிக்குச் சொல்கிறது. பெற்ற நிலைப்பு ஒரு வில்செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. கேட்டிருந்ததைவிடப் பல மடங்கு நல்லது. அதன் ஜைரோக்களில் உராயும் சில்லு எதுவும் இல்லை. அதிரும் அரைக்கோளக் கிண்ணம் ஒன்றே அளக்கிறது. ஹபிள் படுத்திய பாடு நன்றாக நினைவிலிருந்திருக்கிறது.

வெப் நமக்கு எட்டாத உயரம். ஆஸ்டீரியா எட்டும். நம்மைப் போலவே 6 அலகுப் பெட்டி, சுமார் 10 கிலோ, 85 மில்லிமீற்றர் குவியத்தூர லென்ஸ். 2017 நவம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. அதில் இருந்தவை மூன்றே சக்கரங்கள். ஆடிக்குப் பதில் உணரியையே பீசோ மேடையில் வைத்து நகர்த்தினார்கள். செக்கனுக்கு 20 தடவை விண்மீன்கள் நிற்கும் இடத்தைப் பார்த்து, பிம்பம் எந்தப் பக்கம் வழுகினாலும் உணரியும் அந்தப் பக்கமே போய் அதைப் பிடித்துக்கொண்டது. 20 நிமிட அவதானிப்பில் அரை வில்செக்கன் நிலைப்பு. ஒரு பிக்சல் வானில் சுமார் 15 வில்செக்கனை மூடியதால், இது பிக்சலின் முப்பதில் ஒரு பங்கு. 55 கான்க்ரி ஈ என்ற கோள் தன் விண்மீனைக் கடப்பதை அதனால் உணர முடிந்தது. அந்தக் கோள் முன்பே அறியப்பட்டதுதான். ஆனாலும் கியூப்சாட் ஒன்று அதைக் கண்டது பெரிய விசயம். 90 நாள் வேலைக்குப் போனது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. இதைவிடக் கிட்டிய முன்மாதிரி நமக்குக் கிடைக்காது.

குழுவில் ஒரு தங்கை கேட்ட கேள்விக்கு இங்கே விடை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எதிர்க்கட்சியின் வாதங்களில் உறுதியானது அதுதான். “அண்ணா, செக்கனுக்கு 20 தடவை பார்க்கும் மேடை, செக்கனுக்கு 50 தடவை உதறும் சக்கரத்தை எப்படி அடக்கும்?” அடக்காது. இப்படிப்பட்ட கட்டுப்பாடு தான் பார்க்கும் வேகத்தின் பத்தில் ஒரு பங்குவரைதான் உருப்படியாகத் திருத்தும். செக்கனுக்கு இரண்டு ஆட்டத்துக்கு மேல் பீசோ மேடையின் கை எட்டாது. அவள் அதோடு விடவில்லை. நான்கு சக்கரம் இருந்தால், மொத்த விளைவை மாற்றாமல் ஒவ்வொன்றின் வேகத்தையும் நம் விருப்பப்படி நகர்த்தலாம். பெட்டியின் இயல்பான அதிர்வெண்ணோடு சக்கரத்தின் வேகம் ஒத்துப்போய்ப் பெட்டியே பாட ஆரம்பிப்பதைத் தவிர்க்கலாம். சக்கரம் நின்று மறுபக்கம் திரும்பும் கணத்தில் வரும் உராய்வு உலுக்கலையும் தவிர்க்கலாம் என்றாள். ஒவ்வொன்றும் சரி. மூன்று சக்கரத்தில் அந்தச் சுதந்திரம் இல்லை.

ஆனால் நம் அவதானிப்பு ஒரே மூச்சில் நீண்டுகொண்டே போவதில்லை. பூமியின் நிழலில் இருக்கும் அரை மணி நேரத்துக்குள் 20 நிமிடம் பார்ப்போம். அந்த 20 நிமிடத்தில் சக்கரம் எந்த வேகத்திலிருந்து எந்த வேகத்துக்குப் போகும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். வெயிலில் இருக்கும் மிச்ச நேரத்தில், ஃபியூஸின் தண்டுகள்போல் வேலை செய்யும் காந்தச் சுருள்களால், சக்கரங்களில் சேர்ந்த சுழற்சி உந்தத்தை இறக்கி, நிழலுக்குள் நுழையும்போது சக்கரங்கள் சுழியத்தையும் ஆபத்தான அதிர்வெண்களையும் விட்டு விலகி நிற்கும்படி வைக்கலாம். நான்காவது சக்கரம் தரும் சுதந்திரத்தில் பெரும்பங்கை இப்படி நேர அட்டவணையால் பெற்றுவிட முடியும். பீசோ மேடை தருவதை எந்த அட்டவணையாலும் பெற முடியாது.

ஓர் இளைஞர் மேடையும் வேண்டாம், மென்பொருளே போதும் என்றார்: குறுகிய நேரப் படங்கள் எடுத்துப் பிறகு ஒன்றின்மேல் ஒன்று நகர்த்தி அடுக்கலாம். கூர்மையான படம்தான் தேவை என்றால் நல்ல யோசனை. ஒளியளவுக்கு உதவாது. படத்தை நகர்த்தி அடுக்கினாலும் ஒளி விழுந்த பிக்சல் மாறியது மாறியதுதான்.

இப்போது பாதை. நம் பெட்டி இலங்கைக்கு மேலேயே அடிக்கடி வரவேண்டும் என்ற ஆசையில், நிலநடுக்கோட்டை ஒட்டிய குறைந்த சாய்வுப் பாதையைக் குழு எழுதியிருக்கிறது. இலங்கையின் ராவணா-1 செயற்கைக்கோள் போனபோது எல்லாருக்கும் வந்த உற்சாகம் எனக்கும் புரிகிறது. 2019 ஏப்ரலில் ஏவப்பட்டு ஜூனில் விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட அந்த ஒரு கிலோப் பெட்டி, நம் நாட்டுப் பொறியியலாளர்கள் ஜப்பானில் இருந்து செய்தது. அதுவும் காந்தத்தால் தன்னை நிலைப்படுத்தப் பார்த்த பெட்டிதான். ஆனால் பூமியைப் படம் எடுக்கும் கேமராவுக்குப் பாகைக் கணக்கில் திசை சரியாக இருந்தால் போதும்.

நமக்கு இடிப்பது காந்தப்புலத்தின் திசை. காந்தச் சுருள், புலத்தின் திசையைச் சுற்றி மட்டும் பெட்டியைத் திருப்ப முடியாது. கொழும்பில் திசைகாட்டி ஊசியை மேலும் கீழும் ஆடும்படி தொங்கவிட்டுப் பாருங்கள். ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும், ஏனென்றால் காந்த நடுக்கோடு நம் பக்கத்தால்தான் போகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றும் பெட்டிக்குப் புலம் எப்போதும் வடக்குநோக்கிக் கிடையாக இருக்கும். வடக்குத் தெற்கு அச்சில் சேரும் உந்தத்தை அது எந்தச் சுற்றிலும் நன்றாக இறக்க முடியாது. சக்கரம் வேகம் கூடிக்கூடி உச்சத்தைத் தொட்டுவிடும். விண்வெளி நிலையத்தைப் போல் 51.6 பாகை சாய்ந்த பாதை என்றால், வடக்கே ஏறும்போது புலம் சரிந்து, விடுபட்ட அச்சும் கைக்கு வரும். மூன்று சக்கரத்தோடு பீசோ மேடை என்ற முடிவு இந்தப் பாதையில்தான் செல்லுபடியாகும். சக்கரம் ஒன்று செத்தால் ஃபியூஸ் செய்ததுபோல் காந்தத்தை வைத்து அரைகுறையாகவேனும் ஓட்டுவதற்கும் இதே பாதைதான் வசதி.

மிச்சம் பிடிக்கும் எடையை எங்கே போடுவது? அளக்கும் பக்கத்தில். ஜப்பானின் ஹிட்டோமி எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி 2016 பெப்ரவரியில் போய் மார்ச் 26இல் அழிந்தது. சக்கரங்களிலும் உந்திகளிலும் பழுது இல்லை. உடல் சுழலாமல் நிற்கும்போது சுழல்கிறது என்று கட்டுப்பாட்டுக் கணினி நம்பியது. இல்லாத சுழற்சியை நிறுத்தப் போய் உண்மையான சுழற்சியை உண்டாக்கியது. பிறகு தவறான அளவுகள் ஏற்றப்பட்ட உந்திகள் அதை இன்னும் முடுக்கிவிட, உறுப்புகள் பிய்ந்து போயின. யூக்ளிட்டும் ஆரம்பத்தில் வழிகாட்டும் விண்மீன்களைத் தவறவிட்டு, படங்களில் விண்மீன்கள் சுருள் சுருளாக விழுந்தன. உணரியில் பட்ட கதிர்களையும் உண்மையான விண்மீன்களையும் பிரித்தறியும் புதிய மென்பொருளை அனுப்பித்தான் 2023 ஒக்டோபரில் சரிசெய்தார்கள். விண்மீன் நோக்கும் கேமரா சொல்வதும் ஜைரோ சொல்வதும் முரண்பட்டால் எதையும் செய்யாமல் நில் என்ற ஒரு வரியை நிரலின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

இவற்றையெல்லாம் பெட்டி கட்டுவதற்கு முன் மேசையிலேயே சோதிக்கலாம். நீண்ட நடைபாதையின் ஒரு முனையில் ஊசித்துளைக்குப் பின்னால் சிறு விளக்கு, மறுமுனையில் உணரியும் மேடையும், பக்கத்தில் ஓடும் ஒரு சக்கரம். ஒளிப்புள்ளியின் நகர்வைப் பதிவுசெய்து அதிர்வெண் வாரியாகப் பிரியுங்கள். வெள்ளவத்தையில் வைத்தால் கரையோரப் பாதையில் போகும் ஒவ்வொரு ரயிலும், காலி வீதியில் போகும் ஒவ்வொரு பஸ்ஸும் அந்தப் பதிவில் வந்து உட்காரும். பின்னிரவில் செய்யுங்கள், சக்கரம் நின்றிருக்கும்போது ஒரு பதிவும் ஓடும்போது ஒரு பதிவும் எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள்.

அந்தப் பதிவு என் முடிவை மாற்றவும் கூடும். செக்கனுக்கு இரண்டு ஆட்டத்துக்குக் கீழே இருக்கும் நகர்வு பிக்சலின் முப்பதில் ஒரு பங்கைவிடக் குறைவாகவே இருந்து, மேலே இருக்கும் உதறல் பெரிதாக இருந்தால், பீசோ மேடைக்கு அங்கே வேலை இல்லை. நான்காவது சக்கரத்தையே போடுங்கள். இரண்டு ஆண்டுத் திட்டத்தை ஐந்து ஆண்டாக நீட்டப் போகிறீர்கள் என்றாலும் நான் மறுபடி யோசிப்பேன். அதுவரை வரைபடத்தில் மூன்று சக்கரம், மூன்று காந்தச் சுருள், ஒரு பீசோ மேடை, 51.6 பாகைப் பாதை.